பாஸ்டன் நகரத்து ஸ்டாம்ப் வெண்டர்

எங்கள் வீட்டில் பத்திரம் என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. "பத்திரமாப் போயிட்டு வா" என்று அம்மா சொல்வது ஒன்று. "பத்திரம் முடிஞ்சுதாங்க?" என்று வாசலில் வந்து நிற்பவர்கள் கேட்பது இன்னொன்று. அப்பா முப்பத்தெட்டு வருஷம் பத்திர எழுத்தராக இருந்தார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல். பள்ளிக்கூடம் விட்டால் நான் நேராக அங்கேதான் போவேன்.

முத்திரைத்தாள் கைக்கு வந்ததும் அப்பா உடனே எழுதத் தொடங்க மாட்டார். முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாட்டர்மார்க் பார்ப்பார். அப்புறம் திருப்பிப் போட்டு, பின்பக்கம் ஸ்டாம்ப் வெண்டர் எழுதியிருப்பதை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படிப்பார். வரிசை எண், தேதி, வாங்கியவர் பெயர், ஊர், வெண்டரின் கையெழுத்து. இனிஷியல் பிசகியிருந்தால்கூட ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார். "முத்திரை சரியில்லாத பத்திரம் கோர்ட்டுல வாய் திறக்காதும்மா" என்பார்.

அந்த வெண்டரையும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லைசென்ஸ் வாங்கியவர், கமிஷன்தான் வருமானம். அரசாங்க ஊழியர் இல்லை. ஆனால் இருபது ரூபாய்த் தாள் தட்டுப்பாடு வந்தாலும், கட்டணம் ஏறினாலும், ஊர்க்காரர்களின் வசவெல்லாம் அவருக்குத்தான். பாவம், கோட்டையில் யாரோ போட்ட உத்தரவுக்கு அவர் என்ன செய்வார்?

நான் கல்லூரியில் வரலாறு படித்தேன், பிழைப்புக்கு ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்கிறேன். அமெரிக்க விடுதலைப் போர் எங்கள் பாடத்தில் ஒரு அத்தியாயம். 'முத்திரைச் சட்டம் கொண்டுவரப்பட்ட ஆண்டு எது?' என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. 1765 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். பல வருஷம் கழித்து, தாக்கல் தேதி முடிந்த ஒரு ஓய்வான மத்தியானத்தில், பிரிட்டன் தன் அமெரிக்கக் காலனிகள்மீது போட்ட அந்தச் சட்டத்தின் கட்டண அட்டவணையை முழுசாகப் படித்தேன். அப்பாவின் மேஜைக்குப் பின்னால் தொங்கிய கட்டணப் பட்டியலைப் படிப்பது போலவே இருந்தது.

நூறு ஏக்கருக்குட்பட்ட நிலப் பத்திரத்துக்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். இருநூறு ஏக்கர் வரை இரண்டு ஷில்லிங். வக்கீலாகத் தொழில் செய்ய உரிமம் வாங்கினால் பத்து பவுண்டு. கல்லூரிப் பட்டச் சான்றிதழுக்கு இரண்டு பவுண்டு. செய்தித்தாள் என்றால் தாளுக்கு ஒரு பென்னி, அதில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் இரண்டு ஷில்லிங். பஞ்சாங்கத்துக்கு வரி. சீட்டுக்கட்டுக்கு ஒரு ஷில்லிங், ஒரு ஜோடி தாயக்கட்டைக்குப் பத்து ஷில்லிங். சீட்டாட்டத்தையும் விட்டுவைக்கவில்லையே என்று சிரித்துவிட்டுக் கீழே வந்தால், அங்கே ஒரு வரி: ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதினாலோ அச்சிட்டாலோ கட்டணம் இரட்டிப்பு.

அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பென்சில்வேனியாவில் ஜெர்மன் பேசும் மக்கள் அப்போதே ஏராளம். அவர்களுக்கென்று ஜெர்மன் அச்சகங்கள், பஞ்சாங்கங்கள், பத்திரிகைகள் இருந்தன. பக்கத்து வீட்டு ஆங்கிலேயன் ஒரு பென்னி கட்டும் இடத்தில் இவர்கள் இரண்டு கட்ட வேண்டும், தாய்மொழியில் அச்சடித்த குற்றத்துக்கு. பிலடெல்பியாவில் ஹென்ரிச் மில்லர் என்பவர் ஒரு ஜெர்மன் பத்திரிகை நடத்தினார். பதினோரு ஆண்டு கழித்து, 1776 ஜூலை 5 அன்று, அமெரிக்கா சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது என்ற சேதியை முதன்முதலில் அச்சில் தந்த பத்திரிகை அதுதான். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கும் முன்னால்.

சரி, லண்டன் ஏன் இந்த வேலையில் இறங்கியது? கடன். பிரான்சோடு ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏழரைக் கோடி பவுண்டு போல இருந்ததிலிருந்து சுமார் 13 கோடிக்கு ஏறியிருந்தது. போர் முடிந்த பிறகும் அமெரிக்காவில் பத்தாயிரம் சிப்பாய்களை நிறுத்திவைக்க முடிவு செய்தார்கள். அவர்களுக்குச் சோறு போடும் செலவில் ஒரு பங்கை அமெரிக்கர்களும் தரட்டும் என்றார் பிரதமர் ஜார்ஜ் கிரென்வில். இங்கிலாந்துக்காரர்கள் 1694-லிருந்தே முத்திரைவரி கட்டிக்கொண்டிருந்தார்கள், அமெரிக்கர்களுக்குப் போட்டதை விடக் கூடுதலாகவே. கணக்குப்பிள்ளையின் கண்ணால் பார்த்தால் அவர் கேட்டதில் அநியாயம் ஒன்றும் தெரியாது.

கிரென்வில் அதற்கு முந்தைய ஆண்டே ஒரு காரியம் செய்திருந்தார். ரம் காய்ச்சப் பயன்படும் கரும்புப்பாகுக்கு, கேலனுக்கு ஆறு பென்ஸ் என்று 1733-லிருந்து ஒரு தீர்வை இருந்தது. யாரும் கட்டியதில்லை; சுங்க அதிகாரி கையில் கொஞ்சம் அழுத்தினால் கப்பல் உள்ளே வந்துவிடும். மொத்த அமெரிக்காவிலும் ஆண்டுக்கு இரண்டாயிரம் பவுண்டு வசூலிக்க எட்டாயிரம் பவுண்டு செலவானது. 1764-இல் கிரென்வில் அந்தத் தீர்வையைப் பாதியாக்கி மூன்று பென்ஸ் ஆக்கினார். ஆக்கிவிட்டு, இனி உண்மையாகவே வசூலிப்போம் என்றார். கடத்தல் வழக்குகளைக் கனடாப் பக்கம் ஹாலிஃபாக்ஸில், ஜூரி இல்லாத நீதிமன்றத்தில் நடத்தவும் வழி செய்தார். வரி பாதியானதற்கு வியாபாரிகள் குய்யோ முறையோ என்று கத்தினார்கள். எனக்கு இது வியப்பாகவே இல்லை. வரி குறைந்திருக்கிறது என்று நான் போய்ச் சொன்னால் என் கடைக்காரர்கள் முதலில் கேட்பது, "அப்ப செக்கிங் கூடுமா மேடம்?"

முத்திரைவரிக்கு வருவோம். கிரென்விலுக்கு அதில் பிடித்ததே, அது தானாக வசூலாகும் வரி என்பதுதான். முத்திரை இல்லாத தாளுக்குச் சட்டத்தின் முன் மதிப்பு கிடையாது. ஆகவே கடனைத் திருப்பி வாங்க நினைப்பவனும், நிலத்தை விற்பவனும், கப்பலைக் கிளப்புபவனும் தானே ஓடிவந்து தாளை வாங்குவான். வீடு வீடாகப் போய்ப் பிடுங்க வேண்டியதில்லை. அப்பா சொன்ன அதே 'கோர்ட்டுல வாய் திறக்காது' தத்துவம். லண்டனில் தாளில் முத்திரையை அழுத்தி, கட்டுக்கட்டாகக் கப்பலில் ஏற்றி அனுப்பினால் போதும். அங்கே விற்க ஒவ்வொரு காலனிக்கும் ஒரு உள்ளூர் ஆள். இந்த ஏற்பாட்டில் எல்லாவற்றையும் யோசித்த கிரென்வில், அந்த உள்ளூர் ஆள் ராத்திரி தன் வீட்டில்தான் படுத்துத் தூங்க வேண்டும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மாசசூசெட்ஸுக்கு அப்படி நியமிக்கப்பட்டவர் ஆண்ட்ரூ ஆலிவர். வசதியான குடும்பம், அந்தக் காலனி அரசின் செயலாளர் பதவி வேறு. துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் அவருக்குச் சகலை. 1765 ஆகஸ்ட் 14 காலையில் பாஸ்டனின் தெற்குப் பகுதியில் ஒரு பெரிய எல்ம் மரத்தில் ஒரு கொடும்பாவி தொங்கியது. அதன்மேல் ஆலிவரின் பெயரெழுத்துகள். பக்கத்தில் ஒரு பெரிய பூட்ஸ், அதற்குள்ளிருந்து ஒரு பிசாசு எட்டிப் பார்த்தது. அரசருக்கு நெருக்கமான ப்யூட் பிரபுவின் பெயரை வைத்துச் செய்த சிலேடை அது.

கொடும்பாவியை இறக்கச் சொல்லி ஷெரீபை அனுப்பினார்கள். போனால் உயிர் தங்காது என்று அவர் திரும்பிவந்தார். சந்தைக்குச் சரக்கு கொண்டுவந்த குடியானவர்களை மரத்தடியில் நிறுத்தி, அவர்கள் சரக்குக்கு 'முத்திரை குத்தி' அனுப்பினார்கள், கேலிக்கு. இந்த வரி வந்தால் உன் பிழைப்பு எப்படி இருக்கும் என்று எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல தெருக்கூத்து கிடையாது. சாயங்காலம் கொடும்பாவியைப் பாடையில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். முன்னால் நின்றவர் எபெனேசர் மெக்கின்டாஷ் என்கிற செருப்புத் தைக்கும் தொழிலாளி. துறைமுகத்தில் ஆலிவர் புதிதாகக் கட்டியிருந்த ஒரு கட்டடத்தை, முத்திரை அலுவலகம் அதுதான் என்று நினைத்து, இடித்துத் தள்ளினார்கள். அந்த மரக்கட்டைகளையே சுமந்துபோய்க் குன்றின்மேல் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். ஆலிவர் வீட்டு ஜன்னல்கள் நொறுங்கின. மறுநாளே பதவியை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

இதில் பரிதாபம் என்னவென்றால், அதுவரை அவர் ஒரு தாள்கூட விற்கவில்லை. நியமன உத்தரவே கைக்கு வரவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஹட்சின்சன் வீட்டுக்கும் கூட்டம் போனது. இந்த வரி வேண்டாம் என்று லண்டனுக்குத் தனிப்பட்ட முறையில் எழுதியவர்தான் அவர். அதெல்லாம் கூட்டத்துக்குத் தெரியுமா? விடியும்வரை இடித்து, வீட்டை வெறும் கூடாக்கினார்கள். பல ஆண்டாக அவர் எழுதிக்கொண்டிருந்த மாசசூசெட்ஸ் வரலாற்றின் கையெழுத்துப் பிரதி தெருச் சேற்றில் கிடந்தது. இதை எந்தச் சுதந்திர விழாவிலும் யாரும் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள். எனக்கும் சொல்ல மனமில்லைதான், ஆனால் நடந்தது.

அப்புறம் மற்ற ஊர் வெண்டர்கள். நியூயார்க் ஆள் சேதி கேட்டதுமே ராஜினாமா. மேரிலாந்து ஆள் நியூயார்க்குக்கு ஓட்டம். கனெக்டிகட்டின் ஜேரட் இங்கர்சால் குதிரையில் வந்துகொண்டிருந்தபோது ஐந்நூறு பேருக்கு மேல் குதிரைகளில் வந்து வழிமறித்தார்கள். மணிக்கணக்கில் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் கையெழுத்துப் போட்டு, 'சுதந்திரம், சொத்து' என்று மூன்று முறை கத்தித் தொப்பியையும் வீசினார். அவர் ஏறிவந்தது வெள்ளைக் குதிரை. பின்னால் வந்த கூட்டத்தைக் காட்டி, வெளிறிய குதிரையில் மரணம் வரும், நரகம் அதைப் பின்தொடரும் என்று பைபிளில் இருப்பதன் பொருள் இப்போதுதான் விளங்கியது என்றாராம். (அந்தக் கோஷத்தில் வரும் சொத்தில், பல பேருக்கு அடிமைகளும் அடக்கம்.)

பெஞ்சமின் பிராங்க்ளின் கதை இன்னும் வேடிக்கை. அப்போது லண்டனில் இருந்த அவர், சட்டம் எப்படியும் வந்துவிட்டது, நம் ஆளுக்காவது அந்த வேலை கிடைக்கட்டும் என்று பென்சில்வேனியாவுக்குத் தன் நண்பர் ஜான் ஹ்யூஸின் பெயரைச் சொன்னார். ஊரில் பிராங்க்ளினின் பெயர் கெட்டு, அவர் வீட்டையே தாக்கப் போவதாகப் பேச்சு வந்தது. அவர் மனைவி டெபோரா துப்பாக்கியோடு வீட்டைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 1 அன்று சட்டம் அமலுக்கு வந்தது. தாள் வந்து இறங்கியிருந்தது. விற்க ஆள் இல்லை. ஜார்ஜியாவில் மட்டும் கொஞ்ச நாள் கப்பல்காரர்களுக்குச் சில தாள் விற்றது. பல ஊர்களில் நீதிமன்றங்கள் மூடிக் கிடந்தன. அமெரிக்க வியாபாரிகளுக்குக் கடனுக்குச் சரக்கு கொடுத்திருந்த லண்டன் வணிகர்களால் வழக்குப் போட முடியவில்லை. புது ஆர்டரும் வரவில்லை. கடைசியில் சட்டத்தை ரத்து செய்யச் சொல்லி நாடாளுமன்றக் கதவைத் தட்டியதில் அந்த லண்டன் வணிகர்கள்தான் முன்னால் நின்றார்கள். 1766 மார்ச் 18 அன்று ரத்தானது. அதே நாளில், காலனிகளுக்கு எந்த விஷயத்திலும் சட்டம் போடும் அதிகாரம் எங்களுக்கு உண்டு என்று இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றி வைத்துக்கொண்டார்கள். கொண்டாட்டத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முத்திரைவரி அமெரிக்காவுக்குப் புதுசே அல்ல. 1755-இல் இதே மாசசூசெட்ஸில், தங்கள் சட்டசபையே, போர்ச் செலவுக்காக முத்திரைவரி போட்டது. ஒரு கொடும்பாவியும் தொங்கவில்லை. வரி போட்டவனைத் தெருவில் பார்த்து, அடுத்த தேர்தலில் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடிந்தது. லண்டனில் இருப்பவனை எங்கே போய்ப் பார்ப்பது? உங்களுக்கு ஓட்டு இல்லாவிட்டால் என்ன, மான்செஸ்டருக்கும்தான் உறுப்பினர் இல்லை, நாங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் யோசிக்கிறோம் என்று லண்டன்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். மான்செஸ்டருக்கும் உறுப்பினர் கொடுங்களேன் என்பதுதானே அதற்குப் பதில்!

அடுத்த சில ஆண்டுகளை வேகமாகக் கடக்கிறேன். 1767-இல் கண்ணாடி, ஈயம், பெயின்ட், காகிதம், தேயிலைக்கு வரி. மறுபடி புறக்கணிப்பு. 1768-இல் பாஸ்டனுக்குப் பட்டாளம் வந்தது. 1770 மார்ச் 5 இரவு துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள். அந்தச் சிப்பாய்களுக்காக வாதாட முன்வந்த வக்கீல் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவர். பிறகு மற்ற வரிகளை எடுத்துவிட்டு, தேயிலைக்கு மட்டும் ராத்தலுக்கு மூன்று பென்ஸ் வைத்துக்கொண்டார்கள்.

தேயிலைக் கதையில் நம் ஊர் வாடையும் கொஞ்சம் உண்டு. சரக்கு இங்கிருந்து போனதில்லை. அன்றைக்கு அது முழுக்கச் சீனத் தேயிலை, அசாம் தோட்டங்களெல்லாம் அடுத்த நூற்றாண்டில்தான். விற்றவன்தான் நமக்குத் தெரிந்தவன், கிழக்கிந்தியக் கம்பெனி. ஹைதர் அலியோடு, அன்று கர்நாடகம் எனப்பட்ட நம் ஆற்காட்டுச் சீமையில் நடந்த போரின் சேதி 1769-இல் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததும் கம்பெனியின் பங்கு மளமளவென்று சரிந்தது. அடுத்த ஆண்டு வங்காளத்தில் பெரும் பஞ்சம். 1773 வாக்கில் கம்பெனி அரசாங்கத்திடம் 14 லட்சம் பவுண்டு கடன் வாங்கும் நிலையில் இருந்தது. கிடங்கில் சுமார் 1.7 கோடி ராத்தல் தேயிலை விற்காமல் கிடந்தது. அதை அமெரிக்காவில் நேரடியாக, மலிவாக விற்றுக்கொள்ள ஒரு சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். டச்சுக் கடத்தல் தேயிலையை விடவும் மலிவு. மறுபடி பாருங்கள், விலை இறங்குகிறது, கலகம் ஏறுகிறது. வங்காளத்தில் கம்பெனி ஜனங்களைப் பட்டினி போட்ட கதையை எடுத்துச் சொல்லி, இவர்கள் கண் இப்போது நம்மீது விழுந்திருக்கிறது என்று அந்த ஆண்டே எழுதினார் ஜான் டிக்கின்சன். பாஸ்டனில் தேயிலை விற்க நியமிக்கப்பட்டவர்களில் இரண்டு பேர் ஹட்சின்சனின் பிள்ளைகள். ஹட்சின்சன் அப்போது ஆளுநர். மற்ற ஊர்களில் தேயிலை ஏஜென்டுகள், பழைய வெண்டர்களைப் போலவே, பயந்து விலகினார்கள். பாஸ்டனில் மட்டும் விலகவில்லை. டிசம்பர் 16 இரவு மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் கடலில் போயின. வற்று நேரமாதலால் தேயிலை மிதந்து போகாமல் வைக்கோல்போர் மாதிரி குவிந்துவிட்டது.

அதற்குத் தண்டனையாக பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். மற்ற காலனிகள் பாஸ்டனுக்காகக் கூடின. 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. போர் வந்துவிட்டது. 1782-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றைப் பிடித்த பென்சில்வேனியாக் கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'.

ஆலிவரை நடுவில் விட்டுவிட்டேன். ராஜினாமா செய்த பிறகு, 1765 டிசம்பரில் அந்த நியமன உத்தரவு லண்டனிலிருந்து சாவகாசமாக வந்து சேர்ந்தது. உடனே மறுபடி ஆள் அனுப்பினார்கள். டிசம்பர் 17, கொட்டும் மழை. அதே எல்ம் மரத்தடிக்கு அவரை வரவைத்து, சுமார் இரண்டாயிரம் பேர் பார்த்திருக்க, இந்த வேலையை ஒருபோதும் செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். பிறகு துணை ஆளுநரானார். 1774 மார்ச்சில் செத்துப்போனார். அடக்கத்தின்போது கூட்டம் ஆரவாரம் செய்தது. சொந்தத் தம்பியே உயிருக்குப் பயந்து அடக்கத்துக்கு வரவில்லை.

1797-இல் அமெரிக்கக் காங்கிரஸ் தன் சொந்த மக்கள்மீது முத்திரைவரி போட்டது. அதே ஆண்டில்தான் கம்பெனி வங்காளத்தில் முத்திரைக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. பின்னால் 1899-இல் வந்த இந்திய முத்திரைச் சட்டம்தான், திருத்தங்களோடு, இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. அப்பா முப்பத்தெட்டு வருஷம் சோறு தின்றது அதன் புண்ணியத்தில்.

போன மாதம் ஊருக்குப் போனபோது இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். இப்போது எல்லாம் ஆன்லைன், மேஜையைத் தூக்கிப் பரணில் போட்டாயிற்று. கண் சரியில்லாததால் பேப்பர் படிப்பதும் குறைவு, கதை கேட்கப் பிடிக்கும். கொடும்பாவி, பூட்ஸுக்குள் பிசாசு, குதிரைக்காரன், மழை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று பார்த்தேன்.

"ஏம்மா, விக்காத தாளெல்லாம் என்ன பண்ணாங்க?"

"கோட்டையில பூட்டி வச்சாங்கப்பா. துறைமுகத்துக்குள்ள ஒரு தீவுல கோட்டை இருந்துச்சு."

"ரிஜிஸ்டர்ல ஏத்தினாங்களா?"

தெரியவில்லை என்றேன். ஏத்தியிருக்கணும் என்று சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.